உங்களைக் கேக்கல அண்ணே

போடியில் குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை சொல்லும் ரேணுகாவுக்கு அன்று பொறுமை போய்க்கொண்டிருந்தது. வீட்டில் பேசினாலும் பள்ளிக்கூடத்திலும் வெளியாட்களிடமும் வாயே திறக்காத அமுதவள்ளியை, அவள் அப்பா சோலை மறுபடியும் மலையில் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து கூட்டி வந்திருந்தார். அம்மாவையும் அழைத்து வரச் சொல்லியிருந்தாள் ரேணுகா. இந்தத் தடவையும் வரவில்லை.

"வகுப்புல யார் கூட உக்காருவ?" என்று சிறுமியிடம் கேட்டாள்.

"பக்கத்து வீட்டுப் பிள்ள கூடத்தான்," என்றார் சோலை.

"காலையில சாப்புட்டியா?"

"எங்க சாப்புடுது? ரெண்டு வாய்தான்."

களிமண்ணைக் கொடுத்துப் பார்த்தாள். அதையும் சோலையே வாங்கி யானை செய்து காட்டினார்.

"உங்களைக் கேக்கல அண்ணே! செத்த நேரம் சும்மா இருங்களேன்!" ரேணுகாவின் குரல் அவளையும் மீறி உயர்ந்துவிட்டது.

"எங்கப்பாவ வையாதீங்க," என்றாள் அமுதவள்ளி.

சோலைக்குக் கண் கலங்கிவிட்டது. "பேசிருச்சு! சரியாப்போச்சு டாக்டரம்மா. தோட்டத்துக்குப் போற ஜீப்பு கெளம்பிரும், வர்றோம்."

"இது ஆரம்பந்தாண்ணே. அடுத்த வாரம் அவசியம் வாங்க."

"அதான் பேசிருச்சே, இனி இங்க என்ன சோலி?" மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெரசாக இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் யாரும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் பொறுத்துப் பார்த்துவிட்டு ரேணுகா போன் செய்தாள். எடுத்தது அமுதவள்ளியின் அம்மா.

"பள்ளிக்கூடத்துல பேசுறாளா?"

"இல்லம்மா, அப்படியேதான் இருக்கா."

"நீங்க ஒரு தடவகூட வரலையே. உங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லி அவர்கிட்ட எத்தன தடவ சொன்னேன்!"

"என்னையவா? அவரு சொல்லவே இல்லையே."

ரேணுகாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அடக்கிக்கொண்டாள். "இப்ப நான் சொல்றேன். நாளைக்கு நீங்களே கூட்டிட்டு வாங்க."