இரவல் பிறந்தநாள்

வருடத்தில் ஒரேயொரு நாள், பார்க் எக்ஸ்டென்சன் என்கிற பகுதியில் ஒரு மூன்று தட்டு வீட்டின் மேல்தட்டில் குடியிருந்த அரியரத்தினம் எதைச் செய்தாலும் ஐம்பதாயிரம் பேர் கைதட்டினார்கள். பல் துலக்கினால் கைதட்டினார்கள். வெங்காயம் உரித்தால் எழுந்து நின்று கைதட்டினார்கள். எழுந்து நின்றது எப்படித் தெரியும் என்றால், ஐம்பதாயிரம் மடக்குக் கதிரைகள் ஒரே நேரத்தில் படபடவென்று மடங்கிய சத்தம் தெருமுனைவரை கேட்டது. ஆட்களை எவரும் கண்டதில்லை. கூட்டத்தோடு, பேஸ்போல் மைதானங்களில்போல ஓர்கன் வாசிக்கிற ஒருவரும் வந்திருந்தார். நன்றாக வாசிப்பார், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் கொஞ்சம் பிசகுவார். அரியரத்தினம் வாட்டப்போட்ட பாண் துண்டைக் கருக்கிவிட்டால் கூட்டம் "ஆ..." என்று இரங்கியது, அடுத்த துண்டைப் போட்டதும் மறுபடி உற்சாகப்படுத்தியது. முதல் வருடம் யாரோ பொலிசுக்கு அறிவித்தார்கள். வந்த இருவரில் இளையவர் வீடு முழுக்கத் தேடி வானொலிப் பெட்டி கூட இல்லையென்று எழுதிக்கொண்டார். மூத்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளிப்படிக்கட்டில் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார். நகரத்தின் பேஸ்போல் அணி வேறு ஊருக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. போகும்போது ஆட்டக்காரர்களைத்தான் கூட்டிப்போனார்கள், கைதட்டலை யாரும் பெட்டியில் கட்டவில்லை என்பது முன்வீட்டு ஜெராட்டின் கருத்து. அவர் அந்த நாளில் ஒரு மடக்குக் கதிரையும் இரண்டு பியர்ப் போத்தல்களுமாக நடைபாதையில் வந்து உட்காருவார்.

அரியரத்தினத்தின் பிறந்தநாள் அது. திகதியை இங்கே எழுதப்போவதில்லை; குடிவரவு அலுவலகத்தில் இப்போது தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். கோடைகாலம் என்பதோடு நிற்கட்டும். அவருடைய தங்கை குணேஸ்வரி, கணவர் யோகேந்திரனோடும் மகள் ஆர்த்திகாவோடும் அதே வீட்டின் கீழ்த்தட்டில் இருந்தாள். ஆர்த்திகா சின்ன வகுப்பில் படித்தபோது, குடும்பத்தில் ஒருவரின் பிறந்தநாளில் பிறந்த புகழ்பெற்றவர்கள் யாரென்று பார்த்துவரும்படி ஆசிரியை சொல்லிவிட்டார். தகப்பனின் பிறந்தநாள் ஜனவரி முதலாம் திகதி, அதனால் பயனில்லை. சரியான திகதி தெரியாமல் அன்று பிறந்ததாகப் பதிந்த எங்கள் ஆட்களை மட்டும் சேர்த்தாலே ஒரு மைதானம் நிரம்பிவிடும். அதில் புகழ்பெற்றவர் என்று ஒருவரும் இல்லை. ஆகவே பிள்ளை மாமாவின் திகதியைத் தேடினாள். மூன்று மகா பேஸ்போல் வீரர்கள் கிடைத்தார்கள்: பந்தெறிபவர் ஒருவர், அடிப்பவர் ஒருவர், பிடிப்பவர் ஒருவர். அந்த வருடம் கேக் வெட்டும்போது அவள் மூன்று பெயர்களையும் பிரெஞ்சில் உரக்க வாசித்தாள். அரியரத்தினம் மெழுகுதிரியை ஊதினார். அப்போதுதான் முதல் கைதட்டல் வந்தது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி என்று நினைத்துக்கொண்டு அவர் கை கழுவப் போனார். கை கழுவியதற்கும் தட்டினார்கள். வாழ்நாளில் பந்தைக் கண்டால் கண்ணை மூடுகிற மனிதர் அவர். பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் நடந்தால் அவரை எல்லைக்கு வெளியே பந்து பொறுக்க நிறுத்துவார்கள். அதையும் உருண்டு ஓய்ந்த பிறகுதான் பொறுக்குவார்.

அந்தப் பிறந்தநாள் உண்மையில் யோகேந்திரனுடையது. தெருவில் பெரியவர்கள் எல்லாருக்கும் இது தெரியும், பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லவில்லை. எண்பதுகளில் இருவரும் ஒன்றாக மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். இறங்கியதும் அதிகாரி பிறந்த திகதி கேட்பார், தடுமாறக்கூடாது என்று அனுப்பிவைத்த ஏஜென்ட் சொல்லியிருந்தார். யோகேந்திரன் எதையும் முறையாகச் செய்கிற ஆள். வழி முழுக்கத் தன் திகதியை ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அரியரத்தினத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஆவணி மாதம், ரோகிணி நட்சத்திரம், அன்றைக்கு நல்ல மழை என்பது மட்டும். வரிசையில் யோகேந்திரன் மரியாதைக்கு நண்பனை முன்னே விட்டார். அதிகாரி கேட்டார். பயத்தில் அரியரத்தினத்தின் வாயில் வந்தது, விமானம் முழுக்கக் காதில் விழுந்துகொண்டிருந்த திகதிதான். பின்னால் நின்ற யோகேந்திரன் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரே விமானத்தில் வந்த இருவர் ஒரே நாளில் பிறந்தோம் என்றால் இரண்டு பேருமே பொய்யர் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே அவர் ஜனவரி முதலாம் திகதி என்றார். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று ஒருவர் அள்ளி ஊற்ற, நெய்க்குச் சொந்தக்காரர் வெறுஞ்சோற்றோடு நின்ற கதை இது. பிறகு அவர் அரியரத்தினத்தின் தங்கையையே கலியாணம் கட்டினார். நட்பில் கூப்பிட்ட மச்சான் உறவிலும் மச்சான் ஆனது.

கைதட்டல் தொடங்கும்வரை யோகேந்திரன் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. தன் சொந்தப் பிறந்தநாளில் மேல்தட்டுக்கு ஏறிப்போய் மச்சானுக்குக் கேக் ஊட்டிவிட்டு இறங்கிவருவார், அவ்வளவுதான். கைதட்டல் தொடங்கியதும் அவருக்கு வயிறு எரிந்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்த நாளில் கீழ்த்தட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்த பால் எல்லாம் திரைந்துபோனது. புதிதாகத் தெருமுனைத் தெப்பனேரிலிருந்து, அந்தச் சின்னப் பலசரக்குக் கடையிலிருந்து வாங்கிவந்தாலும் வாசல்படி தாண்டியதும் திரைந்தது. குணேஸ்வரி கெட்டிக்காரி, அதில் தயிர் போட்டாள். அந்த வாரம் தயிர் வாங்கவில்லை. பொறாமைக்கு நியாயமும் இருந்தது. யோகேந்திரன் பள்ளிக்கூட அணியில் முதல் ஆளாக மட்டை பிடித்துப் போனவர். இங்கே லொங்குய்ய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் விமான உதிரிப்பாகங்களை அளந்து பார்க்கிற வேலை. மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் விழாத விமானத்துக்கு யார் கைதட்டுகிறார்கள்? ஒரேயொரு தடவை, தான் ஒரு காரியத்தை முடிக்கும்போது யாராவது தட்டவேண்டும் என்பதுதான் அந்த மனிதரின் ஆசை. அது மேல்தட்டில், வெங்காயம் உரிக்கிறவனுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

அவர் சில முயற்சிகள் செய்தார். ஒரு வருடம் மச்சானுக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்குகிற அதே நேரம் தானும் தூக்கினார். ஆரவாரம் வந்தது. அரியரத்தினம் கோப்பையை வைத்துவிட, யோகேந்திரன் மட்டும் தூக்கிப் பார்த்தார். ஐம்பதாயிரம் பேரும் அமைதியானார்கள். எங்கோ மேல் வரிசையில் ஒருவர் இருமினார். இன்னொரு வருடம் மச்சானின் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு விடியவே படிக்கட்டில் நின்றார். ஒன்றுமில்லை. மற்றொரு வருடம் அரியரத்தினத்தை லவாலுக்குக் கடைகாட்டக் கூட்டிப்போனார், இடம் மாறினால் கூட்டம் தவறிவிடும் என்று. கூட்டம் பின்னாலேயே வந்தது. செருப்புக் கடையில் அரியரத்தினம் இடக்கால் செருப்பை வலக்காலில் போட்டுப் பார்த்தார். விற்கிற பெண்கள் உட்பட எல்லாரும் தட்டினார்கள்.

குணேஸ்வரி ஒவ்வொரு வருடமும் அன்று பின்னேரம் அண்ணனுக்கு நாவூறு கழிப்பாள். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டால் தும்மல் வரவேண்டும். வராவிட்டால் கண் பலமாகப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். மிளகாய் கருகிப் புகைந்து, கூரையில் இருந்த புகைமணி அலறி, கூட்டம் அதற்கும் தட்டியதே தவிர, ஒருவருக்கும் மூக்குக்கூட அரிக்கவில்லை. அவள் அகப்பையோடு கீழே வந்தாள்.

"இஞ்சேருங்கோ, இது தெருக்கண் இல்லை. உங்கட கண்தான்."

"என்ர நாளை நான் பாக்கிறதும் நாவூறோ?" என்றார் யோகேந்திரன்.

"அண்ணை உங்களிட்டைப் பறிக்கேல்லை. பயத்திலை வாய் தவறினது."

"வாய் தவறினது அவனுக்கு. கைதட்டு தவறினது எனக்கு."

குணேஸ்வரி அகப்பையைக் கழுவி வைத்தாள். அவள் போய்த் தயிருக்கு உறை ஊற்றினாள்.

இப்படியே வருடங்கள் போயின. ஆர்த்திகா பல்கலைக்கழகம் முடித்தாள், ஜெராட் முழங்கால் மாற்றிக்கொண்டார், வாடகை ஏறியது. கடைசியில் யோகேந்திரன் செய்யக்கூடாததைச் செய்யப் போனார். வேலைக்கு லீவு போட்டு, நல்ல சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, மெற்றோ ஏறி நகரத்து மத்தியிலிருந்த குடிவரவு அலுவலகத்துக்குப் போனார். தன் நாளைத் திரும்ப எடுக்க வேறு வழியில்லை என்பது அவர் முடிவு. ஒருவருடைய பொய்யைச் சொன்னால்தான் மற்றவருடைய உண்மை நிற்கும். சொன்னால் அறுபது தாண்டிய மச்சான் குடியுரிமையோடு அல்லாடவேண்டியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வரிசையில் நின்றார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வித்தியா என்று ஒரு பிள்ளை இருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே, "சொல்லுங்கோ அங்கிள்," என்றாள். அந்தத் தமிழைக் கேட்டதும் அவர் மச்சானின் பெயரில் பாதிவரை சொல்லிவிட்டு, கழிப்பறை எந்தப்பக்கம் என்று கேட்டார். அவள் கையைக் காட்டினாள். அங்கே போய் முகத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து, மூன்று நாள் காய்ச்சலாகக் கிடந்தார்.

அந்த வருடத்துப் பிறந்தநாளுக்குத் தெருவிலிருந்து வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். அரியரத்தினத்துக்கும் இத்தனை வருடத்தில் கைதட்டு பழகிப்போய்விட்டது. வாசலில் நின்று கையசைத்தார், கேக்குக்கு முன்னால் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார், அதற்கு ஒரு சுற்று வாங்கினார், மறுபடியும் சரிசெய்தார். கத்தியை மேலே தூக்கிக் கொஞ்சம் நிறுத்தினார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்த அமைதியில் யோகேந்திரனால் பொறுக்கமுடியவில்லை.

"வையடா கத்தியை!" என்று கத்தினார். "அது என்ர நாள். என்ர அம்மா என்னைப் பெத்த நாள். உனக்கு இரவல் தந்தது, திருப்பித் தா!"

ஆர்த்திகாவின் கையிலிருந்த தட்டு விழுந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அரியரத்தினம் கத்தியை மெதுவாகக் கேக் பெட்டியில் வைத்தார். அவர் முகத்தில் கோபம் இருக்கவில்லை. களவு பிடிபட்டவனின் களைப்புத்தான் இருந்தது.

"முதலே கேட்டிருக்கலாமே மச்சான்," என்றார். "நானும் ஒவ்வொரு வருசமும் நினைக்கிறனான். தட்டுறதைக் கேட்டால் பிறகு வாய் வருகுதில்லை." பிறகு யன்னலைத் திறந்து, ஆகாயத்தைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்: "பிள்ளையள், இது என்ர பிறந்தநாள் இல்லை. கீழ்வீட்டு யோகேந்திரனின்ர. எனக்கு ஆவணி ரோகிணி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

முதலில் எங்கோ ஒரு கதிரை மட்டும் மடங்கியது. பிறகு ஐம்பதாயிரம் பேர் எழுந்து போகத் தொடங்கினார்கள். படிகளில் இறங்குகிற காலடிச் சத்தம் பின்னேரம் முழுக்க நீடித்தது. போகிற வழியில் யாரோ ஒரு சிறுபிள்ளை அழுதது. தகப்பன் பிரெஞ்சில் சமாதானம் சொன்னார். ஓர்கன்காரர் கடைசியாக மூடியை இறக்கிப் பூட்டினார். ஜெராட் கதிரையை மடக்கிக்கொண்டு, எவரோடும் பேசாமல் உள்ளே போனார். குணேஸ்வரி கத்தியை எடுத்துக் கணவன் கையில் கொடுத்தாள். அவர் கேக்கை நேராக, துண்டுக்குத் துண்டு பிசகாமல் வெட்டினார். வந்தவர்கள் வாங்கித் தின்றுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருடம் அந்த நாள் விடியுமுன்பே யோகேந்திரன் எழுந்து தலைக்குக் குளித்து, முகம் வழித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டார். வருவார்களா மாட்டார்களா என்று இரண்டு தடவை யன்னலால் எட்டிப் பார்த்தார். குசினிக்குப் போய்க் கேத்தலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். அப்போது வந்தார்கள். ஐம்பதாயிரம் பேரும் ஒரே குரலில் கேலியாகக் கூ அடித்தார்கள். தேயிலை போட்டார், கூ அடித்தார்கள். சீனியை அளந்து போட்டார், விசிலும் சேர்ந்துகொண்டது. தெப்பனேருக்குப் போய்ப் பால் வாங்கினார். காசு கொடுத்ததற்கும் மிச்சம் வாங்கியதற்கும் தனித்தனியாகக் கூ அடித்தார்கள். கடைக்காரர் பரிதாபமாகப் பார்த்தார். நடைபாதையில் ஜெராட் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். யோகேந்திரன் கடந்துபோகும்போது ஜெராட் அவருக்கு வணக்கம் சொன்னார், சொல்லிவிட்டுக் கையைக் குவித்துக் கூட்டத்தோடு சேர்ந்து தானும் கூ அடித்தார். பேஸ்போல் பார்க்கிறவர்கள் தங்கள் ஆளைத் துரத்தியவனை இலேசில் விடுவதில்லை. மேல்தட்டில் அரியரத்தினம் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் தேத்தண்ணி போட்டதையும் ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் முகத்திலும் எரிச்சல் தெரிந்தது.

யோகேந்திரன் வீட்டுக்கு வந்து, முன் பால்கனியில் கதிரையைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்துக்கு ஒரு பெரிய கூ வந்தது. குணேஸ்வரி உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"என்ன சனம் இது, இப்பிடிக் கேவலப்படுத்துது! உள்ளை வாங்கோ, கதவைப் பூட்டுவம்."

"பூட்டாதை," என்றார் யோகேந்திரன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "விடு, கத்தட்டும். என்னைப் பாக்கவெண்டு வந்த சனம்."

அவள் கதவைத் திறந்தபடியே விட்டு உள்ளே போய்த் தேத்தண்ணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைச் சத்தம் வர உறிஞ்சிக் குடித்தார், கூட்டம் இருட்டும்வரை கலையவில்லை.