கலங்கரை விளக்கத்தை மறைத்தவள்

தெருப் பிள்ளைகள் தையற்காரிக்கு வைத்த பெயர் முக்கால். கலங்கரை விளக்கம் நிற்கும் அக்கரைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கடல். இரண்டு முறை நீந்தினாள். இரண்டு முறையும் முக்கால் தூரத்தில் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அடுத்த மாதம் அவளுக்கு ஐம்பது. ஐம்பது ஆகிவிட்டால் நீச்சல் சங்கம் அனுமதிக்காது.

மூன்றாம் முறையாகக் காலை ஆறு மணிக்குக் கடலில் இறங்கினாள். துணைக்குப் படகு ஓட்டி வந்தவர் அவள் நாத்தனார், முப்பது வருடம் பயணிகள் படகு ஓட்டியவர். படகின் பின்பலகையில் சங்கத்துக் கண்காணிப்பாளர், கையில் கடிகாரத்தோடு. படகைத் தொட்டால் கதை முடிந்தது.

ஏழரை மணிக்குத் தண்ணீரிலிருந்து குரல் வந்தது.

"அண்ணி! லைட்ஹவுஸ் இடப்பக்கமா நகருது!"

"அது எங்கடி நகரும்? கல்லுக் கட்டடம். தண்ணிதான் உன்னை வலப்பக்கம் இழுக்குது. இழுக்கட்டும், நீ நேரா நீந்து. எட்டரைக்கு நீரோட்டம் திரும்பும், அதுவே கொண்டாந்து விடும்."

"விடலைன்னா?"

"ரெண்டு தடவையும் லைட்ஹவுஸைத் துரத்தி, ஓட்டத்தோட மல்லுக்கட்டித்தானே கையை ஒடிச்சுக்கிட்டே?"

"அலை வேற மூஞ்சியிலேயே அறையுது!"

"அலைக்கு வாய்தான் பெருசு, உன்னை மாதிரி. தூக்கும், இறக்கும், அங்கேயே விட்டுட்டுப் போயிடும். ஆளை இழுக்கிறது சத்தமில்லாம ஓடுற தண்ணி. என் தம்பி மாதிரி."

சிரித்ததில் ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போனது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. இடப்பக்கம் திரும்பித்தான் அவள் மூச்செடுப்பாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கலங்கரை விளக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. தன்னையறியாமல் அதன் பக்கம் திரும்பினாள்.

நாத்தனார் பார்த்தார். வலப்பக்கம் வந்துகொண்டிருந்த படகை இடப்பக்கம் சுற்றிக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே நிறுத்தி, கூடவே ஓட்டினார்.

"அண்ணி, மறைக்குது!"

"மறைக்கத்தானே வந்தேன்."

"சார், இது நியாயமா?"

கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். "படகு எந்தப் பக்கம் வரணும்னு விதியில இல்லைம்மா."

"படகு மூக்கு எங்கே பார்க்குதோ அங்கே போ" என்றார் நாத்தனார்.

தலையைத் தூக்கினால் எட்டிப் பார்த்துவிடலாம். தூக்குவதில்லை என்று முடிவு செய்தாள். கை, கை, மூச்சு. பழைய நீலப் பலகை, அதன் மேல் நாத்தனாரின் முழங்கை. அவ்வளவுதான் உலகம்.

ஒன்பது மணி இருக்கும். தோள் எரிந்தது. படகின் விளிம்பு ஒரு கை தூரத்தில் இருந்தது.

"ஓட்டம் திரும்பிடுச்சா அண்ணி?"

"நீந்து."

"சொல்லுங்க!"

"தொட்டுடாதே. தொட்டேன்னா நாளையிலேருந்து நானும் முக்கால்னுதான் கூப்பிடுவேன்."

நீண்ட கையை இழுத்துக்கொண்டாள். கை, கை, மூச்சு.

பத்தே காலுக்குப் படகு விலகியது.

"இப்ப பாரு."

தலையைத் தூக்கினாள். கலங்கரை விளக்கம் இடப்பக்கம் இல்லை. நேர் எதிரே, கதவின் துரு தெரியும் தூரத்தில், அகலமாக நின்றது. தண்ணீர் அவளை அதன் பக்கம் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

"பார்த்தது போதும், போ!" என்று கத்தினார் நாத்தனார்.

அக்கரையின் பாசி படிந்த படியில் உள்ளங்கையை வைத்தாள். கண்காணிப்பாளர் நேரத்தைக் குறித்துக்கொண்டார். மூச்சு வாங்கி முடித்ததும் அவள் கேட்டாள்:

"அந்தப் படகு என்ன அண்ணி இத்தனை அகலம்? ரெண்டரை மணி நேரமா வேற ஒண்ணுமே தெரியலை!"

"படகைச் சொல்றியா, என்னைச் சொல்றியா?"