சீனி எத்தனை கரண்டி?

மனைவி செல்லம் போன பிறகு சதாசிவத்தின் வீட்டில் பேச்சு என்றால் தொலைக்காட்சி பேசுவதுதான். மகன் கவினுக்குச் சிங்கப்பூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "சாப்ட்டீங்களாப்பா" என்பான், இவர் "சாப்ட்டேன்" என்பார், அந்த வாரத்துக்கான உறவு அத்தோடு முடிந்துவிடும். தெப்ராவ் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை ஓட்டிய காலத்தில் முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறையப் பெண்கள் ஓயாமல் கலகலத்துக்கொண்டு வருவார்கள். காது வலிக்கிறதென்று அப்போது அலுத்துக்கொண்ட மனிதர்தான், இப்போது பக்கத்து வீட்டு கேட் திறக்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அந்த கேட்டிலிருந்துதான் மாலையானால் பியாட்ரிஸ் டீச்சர் வருவார். சிம்பாங் ரெங்கம் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பாலர் பள்ளி நடத்தியவர். கணவர் இறந்ததும் மகன் டெஸ்மண்ட் தன்னோடு அழைத்து வந்துவிட்டான். அவனும் மருமகள் எவ்லினும் விடிவதற்கு முன் எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். ஆக, இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள் சும்மா, அந்தப் பக்கம் ஓர் ஆள் சும்மா.

கார் இல்லாத போர்ச்சில் சதாசிவம் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருப்பார். டீயை ஊற்றி, சீனி டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, அன்றுதான் முதன்முதலாகக் கேட்பதுபோல் கேட்பார்.

"சீனி எத்தனை கரண்டி போடட்டும் டீச்சர்?"

டீச்சர் யோசிப்பார். யோசிக்க அதில் என்ன இருக்கிறதோ, நன்றாக யோசிப்பார். "ரெண்டு போடுங்கண்ணே. இல்ல, இன்னிக்கு ரெண்டரையா போடுங்க."

சதாசிவம் பிஸ்கட் எடுத்துவர உள்ளே போய்த் திரும்புவதற்குள் கோப்பை அநேகமாகக் காலியாகியிருக்கும். தன் கைப்பக்குவம் அப்படி என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. பிறகு தோட்டத்துப் பிள்ளைகள், கோயில், மாதா கோயில், மழை என்று பேச்சு ஓடும். ஒரே தொல்லை எறும்புதான். டீச்சரின் நாற்காலியை ஒட்டியிருந்த கற்பூரவல்லித் தொட்டியில் சாரை சாரையாக மொய்த்தது. மஞ்சள்தூள் தூவிப் பார்த்தார். எறும்புகள் மஞ்சள் பூசிக்கொண்டு மங்களகரமாக ஊர்ந்தன.

ஒரு சனிக்கிழமை காலை எவ்லின் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள்.

"அங்கிள், தப்பா நெனைக்காதீங்க. மம்மிக்கு இனிப்புநீர் வியாதி. கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. வீட்ல நான் சீனியே வாங்கறதில்ல. இங்க வந்து நெறைய சீனி போட்டுக் குடிக்கிறாங்கன்னு இப்பதான் தெரிஞ்சிச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா."

"சொல்ல மாட்டாங்க லா. இனிமே கோசோங்கா குடுங்க அங்கிள். இல்லன்னா சீனிக்குப் பதிலா கடையில விக்கிதே, அது ஏதாவது போடுங்க."

கோசோங் என்றால் சீனியே போடாத வெறும் டீ. எவ்லின் போன பிறகு சதாசிவம் வெகுநேரம் டீச்சரின் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்லத்துக்கும் இதே இனிப்புநீர்தான். முதலில் கால் போனது, பிறகு ஆளே போனாள். தெரிந்துகொண்டே இன்னொருவர் காலுக்குக் கரண்டி கரண்டியாகச் சீனி போட அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் வீட்டில் கிடைக்காத சீனிக்காகத்தான் டீச்சர் இங்கே வருகிறார் என்றால், சீனி போன மறுநாள் அவரும் போய்விடுவார். இந்தக் கிழவனின் பஸ் கதையைக் கேட்கவா ஒருவர் சுவரைச் சுற்றி நடந்து வருவார்? அவருக்கு பயமாக இருந்தது.

பேரங்காடியில் சீனிக்கு மாற்று என்று ஓர் அலமாரியே இருந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளி வந்து, வீட்டில் வரிசையாகக் கோப்பை வைத்துக் குடித்துப் பார்த்தார். ஒன்று பச்சைக் கற்பூரம்போல நாக்கில் சில்லென்றது. இலையிலிருந்து எடுத்த இன்னொன்று, கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரன் மாதிரி எல்லாம் முடிந்த பிறகும் தொண்டையை விட்டுப் போக மாட்டேன் என்றது. சிவப்புச் சீனி உடம்புக்கு நல்லது என்று கடைப் பெண் சொல்லியிருந்தாள். அதுவும் சீனிதானே, நிறம் மாறினால் குணம் மாறுமா? கடைசியில் ஏதோ சீனத்துப் பழத்தூள் தேறியது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று அதைச் சீனி டப்பாவில் கொட்டி வைத்தார்.

ஒரே ஒரு சிக்கல். அந்தத் தூளில் ஒரு சிட்டிகைதான் இரண்டு கரண்டிச் சீனிக்குச் சமம். டீச்சர் கண் முன்னால் சிட்டிகை போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே அன்று மாலை சமையலறையிலேயே கலக்கி, தயாராகக் கொண்டுவந்து நீட்டினார்.

டீச்சர் டப்பாவைத் தேடினார். பிறகு ஒரு மடக்குக் குடித்தார்.

"எவ்லின் வந்தாளா?"

"எவ்லினா? ஏன் வரணும்? சீனி போட்ட டீதான் டீச்சர். நானே ரெண்டு கரண்டி போட்டேன்."

டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்தார். கோப்பையை அடிவரை குடித்தார். "வரேண்ணே," என்று எழுந்து போனார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சதாசிவம் டீ போட்டு, ஆறியதும் கீழே கொட்டிக்கொண்டிருந்தார். நினைத்தது நடந்துவிட்டது, சீனிக்கு வந்தவர் சீனியோடு போய்விட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது அழுகை வந்தது. இந்த வயதில், பட்டப்பகலில், ஒரு டீக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஒரு மாலை சும்மா இருக்க முடியாமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். கற்பூரவல்லித் தொட்டியில் ஓர் எறும்புகூட இல்லை. மஞ்சளுக்கு மசியாத எறும்புகள் எங்கே போயின? குனிந்து பார்த்தார். மேல்மண் டீச்சாயம் ஏறிக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் பிஸ்கட் எடுக்க உள்ளே போன மாலையெல்லாம் டீச்சர் டீயைத் தொட்டிக்குத்தான் ஊற்றியிருக்கிறார். அந்தச் சீனியை அவர் குடிக்கவே இல்லை. சீனிக்காக வரவும் இல்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார். டீச்சர் கிரில் கதவுக்குப் பின்னால் தனியாக, விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், நான் அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்ண்ணே. இந்த வீட்ல அந்த மாத்துச் சீனி ருசியதானே தெனமும் குடிக்கிறேன்."

"தொட்டில எறும்பே இல்ல டீச்சர்."

டீச்சருக்கு முகம் சிவந்தது. "அலமாக், பாத்துட்டீங்களா," என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு முந்தானையை இறக்கினார். "எனக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதாண்ணே? இங்க எல்லாத்தையும் கலக்கிக் கொண்டாந்து வெச்சிருவாங்க. சாப்பாடு, மாத்திர, டீ எல்லாமே. நல்ல பிள்ளைங்கதான், கொற சொல்லல. ஆனா, ஒனக்கு எவ்வளவு வேணும்னு யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க. அன்னிக்கு நீங்களும் கலக்கிக் கொண்டாந்துட்டீங்க."

சதாசிவம் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார், ஆனால் அவருக்குத் தெரிந்தது ஒரு கேள்விதான்.

"டீ போடறேன் டீச்சர். சீனி எத்தனை கரண்டி போடட்டும்?"

டீச்சர் யோசித்தார். வழக்கம்போல நன்றாக யோசித்தார். சதாசிவம் அவசரப்படுத்தாமல் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கோசோங் போடுங்கண்ணே," என்று சொல்லிவிட்டு, டீச்சர் செருப்பைத் தேடினார்.