திறக்காத சாப்பாட்டு டப்பா

பசி விரல் நுனியில் தொடங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இசக்கிதுரையின் கை சன்னமாக நடுங்கிற்று. ஏசி ஓடும்போதே சட்டை முதுகில் ஒட்டியது.

பக்கத்து சீட்டில் எவர்சில்வர் டப்பா இருந்தது. கேப்பை அடை, அவித்த பாசிப்பயறு, வெள்ளரிக்காய். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை சுமந்த காலத்தில் எட்டு பரோட்டாவைச் சால்னாவில் முக்கித் தின்றவன் அவன். இப்போது சர்க்கரை. காலையில் வயிற்றில் ஊசி போட வேண்டும். போட்டால் உடனே சாப்பிட வேண்டும். "போற வழியெல்லாம் கடையில எண்ணெயத் தின்னு கால எடுக்க வச்சிராதிய" என்று மனைவி அனுசியா டப்பாவைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புவாள்.

இன்றைக்கு ஊசி போட்டுவிட்டான், சாப்பிடவில்லை. தென்காசியில் ஏறுகிறவர்கள் எப்படியும் குற்றாலத்தில் நிறுத்தச் சொல்வார்கள், அவர்கள் குளிக்கிற நேரத்தில் தின்றுகொள்ளலாம் என்பது அவன் வழக்கம். ஏறியவர்கள் ஹைருன் பீவியும் மகள் ஹஸீபாவும். திருவனந்தபுரத்தில் தாய்க்குக் கண் ஆபரேஷன்.

"குத்தாலத்துல நிப்பாட்டணுமா, பெரியம்மா?"

"அருவியில சொட்டுத் தண்ணி கெடையாது. நோன்பு வச்சுக்கிட்டு அங்கன போயி என்ன செய்ய? நேரா விடு தம்பி."

நோன்பு என்றதும் டப்பாவை அவன் தொடவில்லை. மார்க்கெட்டில் அவனோடு சுமந்தவர்களில் பாதிப்பேர் ரம்ஜான் மாதம் நோன்போடுதான் மூட்டை தூக்குவார்கள். அவர்கள் முன்னால் மற்றவர்கள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஓரமாக நிறுத்தி இறங்கித் தின்னலாம். ஏன் என்று கேட்டால் சர்க்கரை என்று சொல்ல வேண்டும். அது கார் முதலாளி சங்கரபாண்டி காதுக்குப் போனால் கேரளா டிரிப் இனிக் கிடையாது. பேப்பர் காட்ட இறங்குகிற ஆரியங்காவு செக்போஸ்ட் வரை தாங்கும், அங்கே தின்றுகொள்ளலாம் என்று நினைத்தான்.

புளியறை தாண்டி ஏற்றம். முன்னால் போன சிமெண்ட் லாரி இரண்டாகத் தெரிந்தது. கண்ணை மூடித் திறந்தான், அப்போதும் இரண்டு. காலுக்கு அடியில் இருப்பது பிரேக்கா, ஆக்சிலேட்டரா? வருடக்கணக்கில் மிதித்த கால் நின்று யோசித்தது. வளைவில் வண்டி வலப்பக்கம் ஏறிப் போக, எதிரே இறங்கிய லாரி ஹார்னை அலறவிட்டுக் கதவை உரசுகிற மாதிரிப் போயிற்று.

"அண்ணாச்சி! நிறுத்துங்க!" ஹஸீபா கத்தினாள்.

எப்படியோ நிறுத்திவிட்டான். வண்டி பள்ளத்தைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

"எனக்குத்தான் கண்ணு தெரியல. ஒனக்கு ரோடே தெரியலியாலே?" என்றாள் ஹைருன் பீவி.

ஹஸீபா இறங்கி ஓடிவந்து டிரைவர் கதவைத் திறந்தாள். அவன் முகத்தில் வேர்வை ஒழுகியது.

"உம்மா, அத்தாவுக்கு வரும்லா, அதே மாதிரி இருக்கு. சுகர் கொறைஞ்சிட்டு." நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நோன்புக்காரங்க முன்னால திங்க மாட்டேன்." நாக்கு குழறியது. கை சாவியைத் தேடித் திருகியது. என்ஜின் உறுமியது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி முன்னால் நகர்ந்தது. பின்சீட்டில் ஹைருன் பீவி "யா அல்லா" என்று கதவைப் பிடித்துக்கொண்டாள்.

ஹஸீபா உள்ளே பாய்ந்து சாவியைத் திருப்பிப் பிடுங்கினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். பிறகு அந்தப் பழத்தைத் தன் வாயில் போட்டு, அவன் பார்க்க மென்று விழுங்கினாள்.

"இன்னைக்கு எனக்கு நோன்பு இல்ல. பாத்தீங்கள்லா? இப்பம் நீங்க தின்னுங்க."

அவன் அவளையே வெறித்துப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான். ஒரு பழம், இன்னொரு பழம். கொட்டையைத் துப்பக்கூடத் தெரியாமல் மென்றான்.

கொஞ்ச நேரத்தில் புத்தி திரும்பியது. அப்போதுதான் பள்ளத்தைப் பார்த்தான். பக்கத்து சீட்டு டப்பாவைக் காட்டி ஹஸீபா கேட்டதற்கு, காலையில் போட்ட ஊசியையும் அனுசியா கொடுத்துவிட்ட அடை, பயறையும் சொன்னான்.

"முதலாளிட்ட சொல்லிராதீங்க, தங்கச்சி. ஸ்டியரிங்கப் புடுங்கிருவாரு."

"புடுங்கட்டும்" என்றாள் ஹைருன் பீவி. "வீட்டுக்காரி ஆக்கித் தந்தத மூடி வச்சுக்கிட்டு எங்களுக்கு மரியாத செய்யுதானாம்! மூணு உசுரும் போயி மூணு மையத்துல்லா விழுந்திருக்கும்."

ஹஸீபா சங்கரபாண்டிக்குப் போன் போட்டுச் சொன்னாள். செங்கோட்டையிலிருந்து வேறு டிரைவர் வரும்வரை சாவி அவள் கையிலேயே இருந்தது. இசக்கிதுரை அவர்கள் எதிரிலேயே அடையைப் பிய்த்துத் தின்றான். தலையைத் தூக்கவில்லை.

"பயறையும் தின்னு" என்றாள் ஹைருன் பீவி. "எனக்குத்தான் கண்ணு தெரியாதேன்னு மிச்சம் வச்சிராத."

இப்போது அவனுக்கு உள்ளூர் ஓட்டம் மட்டும்தான். நோன்புப் பெருநாள் கழிந்துவிட்டது. தாயின் கண்ணுக்கு மருந்து விடுவதும் வீட்டு வேலையுமாக ஹஸீபாவுக்கு நாள் அமையவில்லை. அன்று அவனுக்காக முறித்த ஒரு நோன்பு, அவள் பிடித்துத் தீர்க்க வேண்டிய கடனாக இன்னும் நிற்கிறது.