இடது முழங்கால், ஏழு பதினெட்டு

இரண்டு மாதத்துக்கு முன் பதிவான நிகழ்ச்சி, போன வாரம் வந்த தொலைபேசி அழைப்புக்கு எப்படிப் பதில் சொல்லும்? செவ்வாய்க்கிழமை முழுக்க இது என் மண்டையைக் குடைந்தது.

பதிவு என்பதில் சந்தேகமே இல்லை. எடிட்டிங் மேசையில் அதை வெட்டி ஒட்டியவளே நான். டிவியில் தினமும் பிரசங்கம் செய்யும் ஊழியக்காரர் ஒரு மாத ஆசீர்வாதத்தை இரண்டே நாளில் பேசி முடிப்பார். கோட்டு மாற்றினால் மறுநாள். டையையும் மாற்றினால் அடுத்த வாரம். அழுகை வேண்டுமென்றால் கண்ணில் மருந்து விடுவோம். அதனால் ஸ்டுடியோவில் அவருக்குப் பெயரே சொட்டு மருந்து. எல்லாம் முடிந்தபின் திரை மூலையில் ‘நேரலை’ என்ற சிவப்புப் பட்டையை ஒட்டுவது நான்தான். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

அம்மா போன வாரம் திரையில் ஓடும் பிரார்த்தனை எண்ணுக்கு அழைத்து முழங்கால் வலியைச் சொல்லியிருக்கிறாள். திங்களன்று சொட்டு மருந்து கேமராவைப் பார்த்து, “மாடிப்படி ஏற முடியாமல் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தாயே, கையில் இறுக்கி வைத்திருப்பதை காணிக்கை விதையாகப் போடு” என்றார். அம்மா கையில் இறுக்கி வைத்திருந்தது அந்த முழங்கால் அறுவை சிகிச்சைக்கான பணம். வெள்ளிக்கிழமை அதை அவருக்கு அனுப்பிவிடுவதாக முடிவு.

“ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எடுத்ததும்மா அது.”

“அப்ப எனக்கு வலி வரும்னு அவருக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அது இன்னும் பெரிசில்லையாடி?”

நானே அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டேன்.

தற்செயல் என்று தள்ளவும் முடியவில்லை. மாதம் முழுக்கப் பேசினால் உச்சந்தலை முதல் குதிகால் வரை எல்லா உறுப்பும் வந்துவிடும், சரிதான். ஆனால் அம்மா தினமும் பார்ப்பவள் இல்லை. பார்த்தது ஒரே நாள். மாடி வீட்டு அக்காவும் அதே எண்ணுக்கு அழைத்துவிட்டு ஒரே நாள்தான் பார்த்தாள். அவளுடைய காதுவலியை அன்றைக்கே சொல்லிவிட்டார்.

புதன்கிழமை கீழ்த்தளத்தில் இருந்த தொலைபேசி அறைக்குப் போனேன். அழைப்பு எடுக்கும் அக்காவின் மேசையில், கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள். இடது முழங்கால்: திங்கள், ஏழு பதினெட்டு. காது: ஞாயிறு, ஏழு ஐந்து. எந்த நிமிடத்தில் என்ன பேச்சு என்று மாதாமாதம் நான் தட்டச்சு செய்து கொடுக்கும் பட்டியல்! திரைக்கு அடியில் எழுத்தோட்டம் போடுவதற்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

“என் லிஸ்ட்டாச்சேக்கா இது.”

“உன்னோடதுதான். இது ஒரு நாள் லேட்டானா எங்க பொழப்பு நாறிடும்” என்றாள், ஹெட்செட்டைக் கழற்றாமல்.

வியாழன் மாலை பட்டியலின் நகலை அம்மா மடியில் வைத்து, உடம்பில் ஏதாவது ஓர் இடத்தைத் தொடச் சொன்னேன். வலது முழங்கையைத் தொட்டாள். என் கைபேசியிலிருந்து அவளே அழைத்து, முழங்கை விண்விண்ணென்று தெறிப்பதாகச் சொன்னாள். நன்றாகவே நடித்தாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் பதில் சொன்னது:

“சனிக்கிழமை ஏழு நாப்பதுக்குத் தவறாம டிவி முன்னாடி உக்காருங்கம்மா. உங்களுக்கு ஒரு வார்த்தை வருது.”

அம்மாவின் விரல் தாளில் நகர்ந்தது. வலது முழங்கை: சனி, ஏழு நாற்பது. அந்த வரியில் நின்றது.

“திங்கக்கிழமை பாருங்கன்னு என்கிட்டயும் இதே குரல்தான் சொல்லிச்சு” என்றாள். பிறகு, ஆஸ்பத்திரியில் எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள்.

அழைப்பவரின் நோய் அந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது. அந்த நோய் எந்த நிமிடம் திரையில் வருமோ, அந்த நிமிடத்துக்கு நோயாளியை டிவி முன் உட்கார வைக்கிறார்கள். அவ்வளவுதான்.