ஜில்லென்று ஒரு பெட்டி

சங்கராபுரத்துச் செவ்வந்தி ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். சோலார் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரை ஆறு வருடம் மல்லுக்கட்டி டிபன் டப்பா அளவுக்குச் சுருக்கியிருந்தார். அது சூடாவதே இல்லை. சூடு என்றால் வீண்போன மின்சாரம் என்று வகுப்பில் ஓயாமல் சொல்லி, மாணவர்களிடம் 'ஜில்லு மேடம்' என்ற பட்டத்தையும் வாங்கியிருந்தார்.

நிஜ மோட்டாரை ஓட்டிக் காட்டுவதுதான் பாக்கி. கரியாலூரில் மரவள்ளி போட்டிருந்த பச்சையம்மாள் சம்மதிக்கவே, ஒரு நாள் காலையில் பஸ் ஏறிப் போனார்.

மோட்டார் கொட்டாயில் பழைய இன்வெர்ட்டர் டிரங்குப் பெட்டி கணக்காகக் கிடந்தது. அதன்மேல் வைக்கோல். வைக்கோல்மேல் ஒரு கோழி.

"அக்கா, கோழியக் கொஞ்சம் எடுங்க."

"எடுக்கறதா? அடை உக்காந்து பதினோரு நாளு ஆவுது. பொட்டி கதகதன்னு கீதுன்னு அதுவா புடிச்ச எடம்மா."

செவ்வந்தி கையை நீட்டினார். முனைவர் பட்டத்தையெல்லாம் கோழி மதிக்கவில்லை. கொத்திவிட்டது.

பெட்டியை அசைக்காமல் ஒயர்களை மட்டும் கழற்றிப் புதியதில் மாட்டினார். தண்ணீர் பாய்ந்தது. பச்சையம்மாள் டப்பாவைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஜில்லுனு கீது? வேல செய்யுதா, சும்மா குந்திகினு கீதா?"

"தண்ணி வருதுல்லக்கா?"

"வருது, வருது. நம்பத்தான் முடியல."

அரை மணி நேரத்தில் பழைய பெட்டி ஆறிப்போனது. கோழி எழுந்து நின்று இருவரையும் முறைத்தது.

"முட்ட கெட்டா நீயா தருவ? பழசையே மாட்டும்மா."

மாட்டினார். துறைத்தலைவர் காசிநாதனுக்குப் போன் போட்டார்.

"சார், இன்னும் பத்து நாள் ஆகும்."

"ஏம்மா?"

"கோழி சார்."

"ரிப்போர்ட்ல கோழின்னு எழுதிடாத. 'களச் சூழல்'னு போடு."

மறுபடி போனபோது எட்டுக் குஞ்சுகள் காலைச் சுற்றின. புதிய டப்பா சாயங்காலம்வரை ஓடியது, தண்ணீரும் ஜாஸ்தி. மீட்டரைப் பார்த்து செவ்வந்தி வாய்விட்டுச் சிரித்தார்.

"நல்லாத்தான் கீது," என்றார் பச்சையம்மாள். "அடுத்த அடைக்கு இன்னா பண்றது?"

மிச்சமான மின்சாரத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, அடைக்கூடை ஓரமாகத் தொங்கவிட்டார் செவ்வந்தி. ஜில்லு மேடம் முதன்முதலாகச் சூடு உண்டாக்கியது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரமே பச்சையம்மாளிடமிருந்து போன். "ஊர்ல நாலு பேரு கேக்கறாங்கம்மா."

செவ்வந்திக்குத் தலைகால் புரியவில்லை. "இன்வெர்ட்டரா அக்கா?"

"இல்லம்மா. பல்பு."