நூற்றில் ஒன்று பாக்கி

விஜயகுமாரி இரண்டு விரல்களால் அக்கா தனகோடியின் இமைகளை இழுத்து மூடி, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்திருந்துவிட்டுக் கையை எடுத்தாள். இமைகள் மெல்ல மேலே ஏறின. வலது கண் பாதி, இடது கண் கால்.

"மறுபடியும் தொறந்துக்குச்சி," என்றாள். "மூணாவது தபா."

தனகோடி விடிகாலை ஐந்தரைக்குப் போயிருந்தாள். மாதனூர்த் தெருமுனையில் ஷூ கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும் நேரம் அது. பத்தொன்பது வருடம் அந்தச் சத்தத்துக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடியவள். இன்றைக்கும் ஹாரன் கேட்ட பிறகுதான் மூச்சு நின்றது. கையைப் பிடித்துக்கொண்டிருந்த மகள் யோகலட்சுமிக்கு மட்டும் அது தெரியும்.

"கண்ணு மூடலன்னா மனசுல ஏதோ ஆசை பாக்கின்னு அர்த்தம்," என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். அவ்வளவுதான், சாவு வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லக் கிளம்பிவிட்டார்கள். தனகோடிக்கு டீ என்றால் உயிர் என்று எதிர் வீட்டிலிருந்து சர்க்கரை ஜாஸ்தி போட்டுக் கொண்டுவந்து உதட்டை நனைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கழற்றிய மூக்குத்தியைத் தேடி எடுத்துத் திருகினாள் விஜயகுமாரி. கண் மூடவில்லை.

வாசலில் இருந்த பூவரசன் மாமா உள்ளே எட்டிப் பார்த்தார். "பொண்ணு கல்யாணத்தப் பாக்கலியேன்னுதான். வேற இன்னா இருக்கும்?"

எல்லாரும் யோகலட்சுமியைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவின் ஆசை என்னவென்று அவளுக்குத் தெரியும். அதை இந்தக் கூட்டத்தில் எந்த வாயால் சொல்வது?

அம்மா பாக்கி வைத்துவிட்டுப் போனது ஒரு பேய்ப் படம். அதுவும் முழுதாக இல்லை, பத்தே நிமிடம்.

போனில் வருகிற தொகுப்பு அது. உலகத்துப் பேய்ப் படங்களிலிருந்து குலை நடுங்கும் இடங்களை மட்டும் வெட்டி, நூறாம் நம்பரிலிருந்து ஒன்று வரைக்கும் இறங்கிக்கொண்டே வருவார்கள். நடுநடுவே அந்தப் படங்களை எடுத்தவர்களும், தியேட்டரில் பார்த்து மயங்கி விழுந்தவர்களும் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார்கள். தொண்டை கட்டின ஒரு ஆள் தமிழில் விளக்கம் சொல்வான். மொத்தம் நாலரை மணி நேரம்.

அப்பா இறந்த வருடம்தான் அம்மாவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. முழுப் படம் போட்டால் அரை மணியில் குறட்டை. தொகுப்பு என்றால் கண் பளபளவென்று ஆகிவிடும். இரவுச் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, உப்பு ஜாடிமேல் போனைச் சாய்த்து வைப்பாள். சோறு வேகிற நேரத்துக்கு ஐந்து பேய் என்பது அந்த வீட்டுக் கணக்கு. இந்த நூறும் அப்படித்தான் ஓடியது.

யோகலட்சுமிக்கு இருபத்து மூன்று வயது. ஆம்பூரில் மருந்துக் கடையில் வேலை. ஆனால் பயந்தாங்கொள்ளி. கதவு கிறீச்சிட்டு இசை ஏற ஆரம்பித்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்வாள். அது போதாதென்று அம்மாவின் உள்ளங்கை வந்து அவள் கண்மேல் உட்காரும். அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிற வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தக் கையிலிருந்து ஒட்டுப்பசைச் சொல்யூஷன் வாசம் போகாது. கூச்சல் ஓய்ந்ததும் கை விலகும்.

"போயிடுச்சி. தொற."

அம்மா மட்டும் ஒரு தடவைகூட இமைத்ததில்லை.

"இன்னாமா இருக்குது இதுல?" என்று ஒருநாள் யோகலட்சுமி கேட்டாள். "முழுசா ஒரு படத்தப் பாத்தா கதையாவது புரியும்."

"முழுப் படம்னா நானும் அந்த வூட்டுக்குள்ள மாட்டிக்கினு கெடக்கணும். இதுல பாரு, அவ்ளோ பயந்தவங்க சேர்ல குந்திக்கினு சிரிச்சிப் பேசறாங்க. அப்ப இன்னா அர்த்தம்? பொழச்சிக்கினாங்க. அந்த மூஞ்சிங்கள பாக்கத்தாண்டி நான் பாக்கறேன்."

இரண்டாம் நம்பர் முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. "ஒண்ணாம் நம்பர நாயித்துக்கெழம வெச்சிக்கலாம். கறி எடுத்தாந்து, நிதானமா," என்றாள் அம்மா. மறுநாளே கம்பெனியில் மேஜைமேல் சாய்ந்துவிட்டாள். ஈரலில் கட்டி, முற்றிவிட்டது. வீட்டுக்குக் கூட்டிப் போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். ஆட்டோவில் வரும்போது மகள் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாதான் தேற்றினாள். "பயப்படாதடி. ஒண்ணாம் நம்பரப் பாக்காம நான் எங்கியும் போமாட்டேன்."

விளையாட்டுக்குச் சொன்னது. யோகலட்சுமி அதை நம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அம்மா அதைப் போடச் சொன்னாள். சாகக் கிடக்கிறவளுக்குப் பேய் காட்டுவார்களா என்று விஜயகுமாரி கத்தினாள். சித்தி கத்தினது யோகலட்சுமிக்கு நல்ல சாக்காகப் போயிற்று. சித்தி வீட்டில் இல்லாதபோதும் அவள் போடவில்லை. பானையில் கடைசிப் பிடி அரிசியை எடுக்காமல் வைத்திருப்பதுபோல அந்தப் பத்து நிமிடத்தை வைத்திருந்தாள். அது இருக்கும்வரை அம்மாவும் இருப்பாள். நேற்றுச் சாயங்காலம் அம்மாவின் உதடு அசைந்தது. "போடுடி."

"நாளைக்கிமா. காலையில கண்டிப்பா."

படுக்கையில் கிடந்த பதினோரு நாளில் அம்மா கேட்டது அது ஒன்றுதான். அதற்கும் நாளை என்றேனே என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். அழுகைதான் வரவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி பஸ் வந்து நின்றது. நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் இருபது பெண்கள் இறங்கினார்கள். முதலில் உள்ளே வந்தவள் ஷஹீன் பானு. அம்மாவுக்கு எதிர் மேஜை, பத்தொன்பது வருடத் தோஸ்த். அந்த நூறு பேயையும் போனில் அனுப்பி வைத்த புண்ணியவதி அவள்தான்.

ஷஹீன் பானு தனகோடியின் தலைமாட்டில் உட்கார்ந்து அந்தக் கண்களையே பார்த்தாள். விஜயகுமாரி ஆசை பாக்கிக் கதையை முதலிலிருந்து சொல்லி அழுதாள். கேட்டு முடித்துவிட்டு ஷஹீன் பானு யோகலட்சுமியிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"கடைசியா இருந்ததப் பாத்துட்டாளா?"

யோகலட்சுமி இல்லையென்று தலையாட்டினாள். "நான்தான் போடல ஷஹீன்மா. அத்தப் பாத்துட்டா அம்மா போயிடும்னு..."

ஷஹீன் பானு ஒன்றும் திட்டவில்லை. "போனு எங்க வெச்சிருக்கே?" என்றாள். பிறகு எழுந்து எல்லாருக்கும் கேட்கிறாற்போல் சொன்னாள். "குளுப்பாட்டறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் புள்ள அம்மாகூடத் தனியா இருக்கட்டும்."

"தனியா இன்னாத்துக்கு?" என்றாள் விஜயகுமாரி.

"அழட்டுமே விஜயா. காலையிலருந்து அது அழுவல, நீ பாக்கல?"

பெண்கள் வெளியேறினார்கள். ஷஹீன் பானு உள்ளேயிருந்து கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

யோகலட்சுமி அம்மாவின் காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்தாள். இயர்போனின் ஒரு முனையை அங்கே வைத்தாள், மற்றதைத் தன் காதில். அம்மாவின் பக்கத்தில் முட்டிபோட்டு, அரைக் கண்ணுக்கு நேராகப் போனைப் பிடித்தாள். அம்மா நிறுத்திய இடத்திலேயே அது நின்றிருந்தது. தொட்டதும் தொண்டை கட்டின ஆள் பேசினான். திரை இருண்டு, நடுவில் ஒன்று என்று வந்தது.

வெளியே மேளம் ஆரம்பித்தது. போனுக்குள் ஒரு நீண்ட வராந்தா, கோடியில் ஒரு கதவு. ஒரு பெண் அதை நோக்கிப் போனாள். இசை ஏறியது.

அம்மாவுக்காகவாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். முடியவில்லை. கண் தானாக மூடிக்கொண்டது.

காதுக்குள் கதவு திறந்தது. ஒரு அலறல். பிறகு சத்தமே இல்லை. யோகலட்சுமி காத்திருந்தாள். போயிடுச்சி, தொற என்கிற குரல் இனி வராது என்று தெரிந்தேதான் காத்திருந்தாள்.

நாற்காலிக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். அந்த இடத்தில் பயந்து தியேட்டரைவிட்டு ஓடிவந்ததைச் சொல்லி ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். யோகலட்சுமியின் பிடியிலிருந்து போன் சரிந்தது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

ஷஹீன் பானு வந்து பக்கத்தில் உட்காருவது தெரிந்தது. ஒரு கையால் போனைத் தாங்கிப் பிடித்தாள். இன்னொரு கையால் அவள் முகத்தைத் துடைத்தாள், கன்னத்தை, பிறகு கண்ணை.

அந்தக் கையில் சொல்யூஷன் வாசம் அடித்தது.

"போதும் பேட்டா, எம் புள்ள. அம்மாவப் பாரு."

அம்மாவின் கண் மூடிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். வெளியே குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்து இறக்கும் சத்தம் கேட்டது. யோகலட்சுமி ஷஹீன் பானுவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் கண்மேல் வைத்துக்கொண்டாள்.